விலையைத் தேடிய எரிபொருள்: அமெரிக்க மக்காச்சோள உழவர்களின் எத்தனால் கோரிக்கையும் வேளாண் கொள்கையும் (1906–2025)

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மத்திய மேற்கு மாநிலங்களைச் சார்ந்த மக்காச்சோள உழவர்கள், தம் விளைச்சலிலிருந்து வடிக்கப்படும் எத்தனாலை வாகன எரிபொருளுடன் கலக்க வேண்டும் என்று ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வலியுறுத்தி வந்துள்ளனர். இக்கோரிக்கை எண்ணெய்த் தட்டுப்பாடு, நாட்டுப் பாதுகாப்பு, காற்றின் தூய்மை, கரிம உமிழ்வு என்று காலந்தோறும் வெவ்வேறு காரணங்களைத் துணைக்கொண்டது. அதன் அடிப்படை, விளைபொருளுக்குக் கட்டுபடியாகும் விலை என்னும் பழைய வேளாண் கோரிக்கையே என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அரசு நேரடி விலை ஆதரவிலிருந்து விலகிய அளவுக்கு எத்தனால் கட்டாயக் கலப்பு அவ்விடத்தை நிரப்பியது. அதன் பயன் உழவரைச் சென்றடைந்த அளவு ஆலையின் உடைமையையும் நிலத்தின் உடைமையையும் பொறுத்து மாறியது.

திறவுச்சொற்கள்: மக்காச்சோளம், எத்தனால், வேளாண் விலைக் கொள்கை, உழவர் அமைப்புகள், கட்டாயக் கலப்பு, ஐயோவா.

முன்னுரை

எத்தனாலின் வரலாற்றைப் பெரும்பாலும் எரிசக்தியின் வரலாறாகவே எழுதுகின்றனர். 1973ஆம் ஆண்டின் எண்ணெய்த் தடையில் தொடங்கி 2007ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டத்தில் உச்சம் பெறும் கதையாக அது அமைந்துவிடுகிறது. அவ்வாறு எழுதும்போது, எண்ணெய் மலிவாகக் கிடைத்த காலங்களிலும் உழவர்கள் எத்தனாலைக் கைவிடாமைக்குக் காரணம் சொல்ல இயலாது போகிறது. 1930களில் எண்ணெய் மிகுந்து கிடந்தது. 1980களின் நடுப்பகுதியில் அதன் விலை சரிந்தது. 1998இல் மீண்டும் சரிந்தது. இம்மூன்று காலங்களிலும் எத்தனால் குரல் ஓங்கியே ஒலித்தது. அக்காலங்களில் மக்காச்சோளத்தின் விலையும் வீழ்ந்திருந்தது என்பதைக் கருத்தில் கொண்டால் இப்புதிர் அவிழ்கிறது.

வரிவிலக்கும் முதல் ஏமாற்றமும்

உள்நாட்டுப் போரின் செலவை ஈடுகட்ட 1862இல் அமெரிக்க அரசு மதுசாரத்தின் மீது வரி விதித்தது. குடிப்பதற்கான சாராயத்துக்கும் விளக்கெரிக்கவும் தொழிற்கூடங்களிலும் பயன்பட்ட சாராயத்துக்கும் அவ்வரி வேறுபாடு காட்டவில்லை. குடிக்க இயலாதவாறு நஞ்சு கலக்கப்பட்ட தொழில்சாராயத்துக்கு வரிவிலக்கு அளிக்கும் சட்டம் 1906 ஜூன் மாதத்தில் நிறைவேறியது. தியோடர் ரூஸ்வெல்ட்டின் ஆதரவும், தேசிய கிரேஞ்ச் என்னும் உழவர் அமைப்பின் தொடர் முயற்சியும் இதற்குப் பின்னணியாக இருந்தன. எண்ணெய் நிறுவனங்களின் ஏகபோகத்தை உடைக்கும் கருவியாகவும், மிகை விளைச்சலுக்கு வடிகாலாகவும் உழவர்கள் இதனைக் கண்டனர்.

அவ்வெதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. டெக்சாஸ் எண்ணெய் வயல்களிலிருந்து மலிவான பெட்ரோல் பெருகியது. தொழில்சாராயத்துக்கும் மக்காச்சோளத்தைவிடக் கரும்புப் பாகுக்கழிவே மலிவான மூலப்பொருளாக அமைந்தது. 1920இல் நடைமுறைக்கு வந்த மதுவிலக்கு வடிசாலைகளை மேலும் முடக்கியது. எஞ்சின் இடிப்போசையைத் தடுக்க எத்தனால் உதவும் என்பதை அறிவியலாளர் அறிந்திருந்தனர்; எனினும் 1921 டிசம்பரில் தாமஸ் மிட்கிலி கண்டறிந்த ஈயச் சேர்மமே 1923 முதல் சந்தையைப் பிடித்தது. இந்த ஈயம் பெட்ரோலிலிருந்து விலக்கப்பட்டபோதுதான் எத்தனாலுக்கு மறுவாழ்வு கிட்டியது. அதற்கு அரை நூற்றாண்டு கடக்க வேண்டியிருந்தது.

1930கள்: விளைச்சலைக் குறைப்பதா, தேவையைப் பெருக்குவதா?

முதல் உலகப் போரின் இறுதியில் புஷல் ஒன்றுக்கு ஒரு டாலருக்கு மேல் விற்ற மக்காச்சோளம், 1932ஆம் ஆண்டின் இறுதியில் ஐயோவாவின் பல பகுதிகளில் 10 சென்ட் அளவுக்கு இறங்கியது. ஒரு புஷல் என்பது 56 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 25 கிலோ. நிலக்கரி வாங்கக் கையில் பணமில்லாத குடும்பங்கள் மக்காச்சோளத்தையே அடுப்பில் இட்டு எரித்தன. மைலோ ரீனோ தலைமையிலான உழவர் விடுமுறைச் சங்கம் அவ்வாண்டில் சாலைகளை மறித்து, விளைபொருள் நகரங்களுக்குச் செல்லாமல் தடுத்தது.

இந்நெருக்கடிக்கு இரண்டு விடைகள் முன்வைக்கப்பட்டன. அவற்றின் மோதலே பின்னாளைய எத்தனால் அரசியலின் அச்சு எனலாம். முதல் விடை, ஐயோவாவைச் சேர்ந்தவரும் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் வேளாண் அமைச்சருமான ஹென்றி வாலஸுடையது. விளைச்சலைக் குறைத்தால் விலை உயரும் என்பது அதன் சாரம். 1933ஆம் ஆண்டின் வேளாண் சீரமைப்புச் சட்டம், நிலத்தைத் தரிசாக விடுவோருக்குப் பணம் அளித்தது. அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் களஞ்சியத்தில் முத்திரையிட்டு வைத்த மக்காச்சோளத்துக்குப் புஷல் ஒன்றுக்கு 45 சென்ட் கடன் வழங்கப்பட்டது. சந்தை விலை அதற்குக் கீழே இருந்தால், உழவர் கடனைத் திருப்பிச் செலுத்தாமல் தானியத்தை அரசிடமே விட்டுவிடலாம். நடைமுறையில் இது ஓர் ஆதரவு விலையே.

இரண்டாவது விடை, பசி நிலவும் நாட்டில் விளைச்சலைக் குறைப்பது முறையன்று என்று கருதியோருடையது. வயிறு கொள்ளாததை எஞ்சின் கொள்ளும் என்பது அவர்கள் கணக்கு. வேதியியலாளர் வில்லியம் ஹேல் இக்கருத்துக்குக் ‘கெமர்ஜி’ என்று பெயரிட்டார். 1935 மே மாதத்தில் ஹென்றி ஃபோர்டின் ஆதரவுடன் டியர்பார்னில் கூடிய மாநாட்டில் உழவர், தொழிலதிபர், அறிவியலாளர் ஆகிய முத்தரப்பினரும் கலந்துகொண்டனர். ஐயோவா மாநிலக் கல்லூரியின் வேதியியலாளர் லியோ கிறிஸ்டென்சன் எத்தனால் கலந்த பெட்ரோலை ஆய்வு செய்தவர். கான்சாஸ் மாநிலத்தின் அட்சிசன் நகரில் 1936இல் திறக்கப்பட்ட ஆலையை நடத்தும் பொறுப்பும் அவருக்கு அமைந்தது. ‘அக்ரால்’ என்னும் பெயரில் அதன் கலப்பு எரிபொருள் ஏறத்தாழ 2,000 நிலையங்களில் விற்கப்பட்டது. கலப்பை எதிர்த்து எண்ணெய்த் துறை முழுவீச்சில் பரப்புரை செய்தது. எத்தனாலின் விலையும் பெட்ரோலைவிடப் பன்மடங்கு உயர்ந்து நின்றது. 1938இல் ஆலை மூடப்பட்டது.

கெமர்ஜி இயக்கத்தின் வழித்தோன்றலாகக் கூட்டாட்சி அரசு நான்கு மண்டல ஆய்வகங்களை அமைத்தது. அவற்றுள் இலினாய் மாநிலப் பியோரியா நகரின் ஆய்வகம், மக்காச்சோளம் ஊறவைத்த நீரைக் கொண்டு பெனிசிலினைப் பேரளவில் வளர்க்கும் முறையைக் கண்டது. மக்காச்சோளத்துக்குச் சந்தை தேடிய முயற்சி போர்க்களத்தில் உயிர்காக்கும் மருந்துக்கு வழிவகுத்தது தனிக்கதை. இரண்டாம் உலகப் போரில் செயற்கை ரப்பருக்கான மூலப்பொருளைத் தானியச் சாராயத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று ஐயோவா செனட்டர் கை ஜில்லெட் 1942இல் விசாரணைகள் நடத்தி வாதிட்டார். போர் முடிந்ததும் அவ்வடிசாலைகளின் தேவையும் முடிந்தது.

அமைப்பும் நிதியும்

வாலஸின் வழியே அடுத்த நாற்பதாண்டுகள் கொள்கையாக நிலைத்தது. எனினும் கலப்பின விதை, செயற்கை உரம், இயந்திரம் ஆகியவற்றால் ஏக்கருக்கான விளைச்சல் ஏறிக்கொண்டே போனது. 1930களில் 25 புஷல் அளவில் இருந்த தேசியச் சராசரி 2014இல் 171 புஷலாயிற்று. நிலத்தைக் குறைத்தாலும் தானியம் குறையவில்லை. இப்பின்னணியில் 1957இல் ஐயோவாவின் பூன் வட்டாரத்தில் வால்டர் கோப்பிங்கர் தலைமையில் தேசிய மக்காச்சோள உழவர் சங்கம் தோன்றியது.

சங்கத்தின் வலிமையை விளங்கிக்கொள்ள அதன் நிதி அமைப்பை நோக்க வேண்டும். 1970களின் பிற்பகுதியில் ஐயோவா, நெப்ராஸ்கா போன்ற மாநிலங்கள், விற்கப்படும் ஒவ்வொரு புஷலுக்கும் மிகச் சிறு தொகையைப் பிடித்தம் செய்து, மக்காச்சோளச் சந்தையை விரிவாக்கும் வாரியங்களுக்கு அளிக்கச் சட்டமியற்றின. ஐயோவாவின் சட்டப்படி இப்பணத்தைச் சட்டமன்றச் செல்வாக்குக்குச் செலவிடக் கூடாது. ஆய்வு, விளம்பரம், ஏற்றுமதி ஊக்கம் ஆகியவற்றுக்கே செலவிடலாம். அதனால் பிடித்தப் பணத்தில் இயங்கும் வாரியமும், உறுப்பினர் சந்தாவில் அரசியல் பேசும் சங்கமும் அருகருகே வளர்ந்தன. எத்தனாலுக்கான ஆய்வை ஒன்றும், எத்தனாலுக்கான சட்டத்தை மற்றொன்றும் நாடின. சட்டத்தின் எழுத்து மீறப்படாமலே நோக்கம் ஒன்றாயிற்று.

இதற்கு வழிகாட்டியது நெப்ராஸ்கா. எண்ணெய்த் தடைக்கு ஈராண்டுகள் முன்னதாக, 1971இலேயே அம்மாநிலம் வேளாண் பொருள்களின் தொழில் பயன்பாட்டுக்கெனக் குழு ஒன்றை அமைத்தது. ‘காசஹால்’ என்னும் பெயரைப் பரப்பியதும், பேராசிரியர் வில்லியம் ஷெல்லரின் வழிகாட்டலில் இருபது லட்சம் மைல் சாலைச் சோதனையை நடத்தியதும் இக்குழுவே. குழு அமைக்கப்பட்டபோது நாட்டின் கவலை எண்ணெய் அன்று, தேங்கிக் கிடந்த தானியமே என்பது ஆண்டுகளின் வரிசையிலிருந்தே தெளிவாகும்.

பண்ணை வடிகலன்களிலிருந்து பேராலைகளுக்கு

1978ஆம் ஆண்டின் எரிசக்தி வரிச் சட்டம், 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் கேலனுக்கு 4 சென்ட் வரிவிலக்கு அளித்தது. கலப்பில் எத்தனால் பத்தில் ஒரு பங்கே என்பதால், கணக்கின்படி அது எத்தனால் கேலனுக்கு 40 சென்ட் சலுகையாகும். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், உற்பத்திச் செலவுக்கு ஈடான சமநிலை விலை கேட்டு அமெரிக்க வேளாண் இயக்கத்தின் உழவர்கள் டிராக்டர்களுடன் வாஷிங்டனுக்குள் நுழைந்தனர். சமநிலை விலை கிடைக்கவில்லை. 1980 ஜனவரியில் ஆப்கானிஸ்தான் படையெடுப்பைக் கண்டித்து ஜிம்மி கார்ட்டர் சோவியத் ஒன்றியத்துக்கு விற்கவிருந்த 1.7 கோடி டன் தானியத்தைத் தடுத்தார். கொதித்தெழுந்த மத்திய மேற்கைத் தணிக்க, அதே மாதத்தில் எத்தனால் உற்பத்தியைப் பன்மடங்கு பெருக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. விலைக்கு மாற்றாக எரிபொருள் வழங்கப்பட்ட முறையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது.

தம் பண்ணையிலேயே சிறு வடிகலன் அமைத்து, தம் டிராக்டருக்குத் தாமே எரிபொருள் செய்யலாம் என்ற கனவு அக்காலத்தில் பரவியது. அக்கனவு நீடிக்கவில்லை. வரிச்சலுகை எரிபொருளைக் கலந்து விற்பவரைச் சென்றடைந்ததேயன்றி, விளைவித்தவரை நேரடியாகச் சென்றடையவில்லை. மக்காச்சோளச் சர்க்கரைப்பாகு உற்பத்திக்கெனப் பேராலைகளை ஏற்கெனவே கொண்டிருந்த ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் நிறுவனம், அவ்வாலைகளிலேயே எத்தனாலையும் எடுக்க முடிந்தது. எண்ணெய் விலை சரிந்தபோது சிற்றாலைகள் விழுந்தன. 1985ஆம் ஆண்டின் இறுதியில் 163 வணிக ஆலைகளுள் 74 மட்டுமே இயங்கின. 1990களின் தொடக்கத்தில் நாட்டின் எத்தனாலில் பாதிக்கு மேல் அந்த ஒரே நிறுவனத்திடமிருந்து வந்தது.

இந்நிலைக்கு உழவர்கள் அளித்த மறுமொழி மினசோட்டாவில் உருப்பெற்றது. அம்மாநில அரசு 1980களின் பிற்பகுதி முதல் கேலனுக்கு 20 சென்ட் ஊக்கத்தொகையை ஆலைக்கே நேரடியாக வழங்கியது. ஆண்டுக்கு 1.5 கோடி கேலனுக்கு மேல் அத்தொகை கிடையாது. இவ்வரம்பே கொள்கையின் உயிர்நாடி; பேராலைக்குப் பயனில்லை, ஒரு வட்டார உழவர்கள் கூடி அமைக்கும் ஆலைக்கு ஏற்ற அளவு. பங்குடன் குறிப்பிட்ட அளவு மக்காச்சோளத்தை வழங்கும் கடமையையும் உறுப்பினர்கள் ஏற்ற கூட்டுறவுகள் எழுந்தன. மக்காச்சோள விலை வீழ்ந்தால் ஆலை இலாபம் ஈட்டும். அவ்விலாபம் வீழ்ந்த விலையை ஓரளவு ஈடுசெய்யும். வாலஸின் கடன் முறை அரசின் களஞ்சியத்தில் செய்ததை, இக்கூட்டுறவுகள் உறுப்பினரின் முதலீட்டில் செய்ய முயன்றன. எனினும் இவற்றுள் முன்னோடியான மார்ஷல் நகரின் மினசோட்டா மக்காச்சோளப் பதப்படுத்துவோர் அமைப்பு, கடன்சுமையால் தளர்ந்து, எந்த நிறுவனத்துக்கு மாற்றாக எழுந்ததோ அந்நிறுவனத்துக்கே 2002இல் விற்கப்பட்டது.

1996: அரசின் விலகல்

1996ஆம் ஆண்டின் வேளாண் சட்டம் நிலக்குறைப்புத் திட்டங்களையும் இலக்கு விலைக்கான ஈட்டுத்தொகையையும் நீக்கியது. அப்போது விலை உயர்ந்திருந்ததால் எதிர்ப்பு வலுவாக எழவில்லை. 1998 அறுவடை தொடங்கி நான்காண்டுகள் சராசரி விலை புஷலுக்கு 2 டாலருக்குக் கீழே கிடந்தது. அரசு அவசர உதவியாகப் பெருந்தொகைகளை வழங்க நேர்ந்தது. உழவரிடையே கருத்து ஒன்றாக இருக்கவில்லை என்பதையும் இங்குப் பதிவுசெய்ய வேண்டும். 1987இல் தோன்றிய அமெரிக்க மக்காச்சோள உழவர் சங்கம் ஆதரவு விலை, தானிய இருப்பு ஆகிய பழைய வழிமுறைகளை மீட்கக் கோரியது. பழைய தேசியச் சங்கமோ சந்தை விரிவாக்கத்தையே முதன்மையாகக் கொண்டது. 1930களின் இருவிடை மோதல் புதிய பெயர்களில் தொடர்ந்தது. இம்முறை வென்றது இரண்டாவது விடை.

வெற்றிக்கு வாய்ப்பளித்தது நிலத்தடி நீர். 1990ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத் திருத்தம் பெட்ரோலில் ஆக்சிஜன் தரும் பொருளைச் சேர்க்கக் கட்டளையிட்டபோது, எண்ணெய் நிறுவனங்கள் இயற்கை எரிவாயுவிலிருந்து பெறப்படும் எம்டிபிஇ என்னும் சேர்மத்தைத் தெரிந்தெடுத்தன. 1996இல் கலிபோர்னியாவின் சாந்தா மோனிகா நகரக் கிணறுகளில் அது கலந்திருப்பது வெளிப்பட்டது. 1999இல் கலிபோர்னியா அதனை விலக்க முடிவெடுத்தது. எஞ்சிய மாற்று எத்தனால் ஒன்றே. 2005ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டம் 2012க்குள் 750 கோடி கேலன் கலக்க வேண்டும் என்றும், 2007ஆம் ஆண்டின் சட்டம் 2022க்குள் 3,600 கோடி கேலன் கலக்க வேண்டும் என்றும் விதித்தன. பின்னதில் மக்காச்சோள எத்தனாலுக்கு உரிய இடம் 1,500 கோடி கேலன். நாட்டின் உற்பத்தி 2000இல் ஏறத்தாழ 160 கோடி கேலனாகவும் 2010இல் 1,330 கோடி கேலனாகவும் இருந்தது. 2011ஆம் ஆண்டின் இறுதியில் கேலனுக்கு 45 சென்ட் வரிச்சலுகையும் 54 சென்ட் இறக்குமதி வரியும் காலாவதியாயின. சங்கங்கள் அதனைப் பெரிதாக எதிர்க்கவில்லை. கட்டாயக் கலப்பு கையிலிருந்தது.

இக்கொள்கையை ஐயோவாவின் தேர்தல் முறையோடு மட்டும் இணைத்துப் பேசுவது வழக்கம். அதிபர் வேட்பாளர் தேர்வு அங்குத் தொடங்குவதால் வேட்பாளர்கள் எத்தனாலைப் போற்றியாக வேண்டும் என்பர். எத்தனால் சலுகைகளை எதிர்த்த ஜான் மெக்கெய்ன் 2000இல் ஐயோவாவைத் தவிர்த்தது இதற்குச் சான்றாகக் காட்டப்படும். ஆனால் கட்டாயக் கலப்பை எதிர்த்த டெட் குரூஸ் 2016இல் அதே மாநிலத்தில் குடியரசுக் கட்சிப் போட்டியில் வென்றார். மாநில வாக்கைவிட, இரு கட்சியிலும் பரவியிருந்த தானிய மாநிலச் செனட்டர்களே கொள்கையைத் தாங்கினர் என்பது பொருத்தமான விளக்கமாகும்.

பயன் யாருக்கு?

2005–06 பருவத்தில் ஏறத்தாழ 2 டாலராக இருந்த சராசரி விலை, வறட்சி தாக்கிய 2012–13இல் 6.89 டாலராயிற்று. கால்நடை, கோழி வளர்ப்போரின் அமைப்புகளும் பல மாநில ஆளுநர்களும் கலப்பு விதியைத் தற்காலிகமாக நிறுத்தக் கோரினர்; சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2012 நவம்பரில் மறுத்தது. ஒரு புஷலிலிருந்து ஏறத்தாழ 2.8 கேலன் எத்தனாலுடன் 17 பவுண்டு தீவனச் சக்கையும் மீள்கிறது என்று மக்காச்சோளச் சங்கங்கள் விடையளித்தன. அது உண்மையே, எனினும் தானியத்துக்கு நிகரான தீவனமாகக் கோழிக்கு அதை முழுமையாக இட இயலாது. இம்முரண் அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. கரும்புச்சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதை இந்திய அரசு 2023 டிசம்பரில் கட்டுப்படுத்தி, மக்காச்சோள எத்தனால் பெருகியபோது, நாமக்கல் கோழிப்பண்ணையாளர்களும் தீவன விலை குறித்து இதே முறையீட்டை எழுப்பினர்.

விலையேற்றம் உழவரிடம் தங்கியதா என்பது அடுத்த வினா. ஐயோவாவில் சராசரி நிலமதிப்பு 2003இல் ஏக்கருக்கு 2,275 டாலர். 2013இல் 8,716 டாலர். அம்மாநில விளைநிலத்தில் பாதிக்கு மேல் குத்தகையில் உழப்படுகிறது. தானிய விலை ஏறியபோது குத்தகையும் ஏறியது. பின் தானிய விலை இறங்கியபோது குத்தகை அதே வேகத்தில் இறங்கவில்லை. ஆகவே சொந்த நிலமுடைய முதியோரும் நிலத்தை மரபுரிமையாகப் பெற்று நகரில் வாழ்வோரும் அடைந்த பயனை, குத்தகை நிலத்தில் தொடங்கிய இளம் உழவர் அடையவில்லை. ஆலை உடைமையிலும் இதே போக்கு காணப்படுகிறது. 2008 அக்டோபரில் திவாலான வெராசன் நிறுவனத்தின் ஏழு ஆலைகளை 2009இல் வாங்கியது வலேரோ என்னும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனம். எண்ணெய் ஏகபோகத்துக்கு எதிராக 1906இல் கிரேஞ்ச் கோரிய எரிபொருள், நூறாண்டு கடந்து எண்ணெய் நிறுவனத்தின் கைக்கும் சென்றது.

மண்ணும் விலை கொடுத்தது. அரிப்பைத் தடுக்க உழாமல் விடப்பட்டு, அதற்கென அரசு ஆண்டுத்தொகை வழங்கிய காப்பு நிலம் 2007இல் 3.6 கோடி ஏக்கருக்கு மேல் இருந்தது. 2015இல் அது 2.4 கோடி ஏக்கராகச் சுருங்கியது. நிலப் பயன்பாடு மாறுவதால் விளையும் உமிழ்வையும் சேர்த்தால் மக்காச்சோள எத்தனால் பெட்ரோலைவிடக் கேடானது என்று டிமதி செர்ச்சிங்கரும் உடனாய்வாளர்களும் 2008இல் வாதிட்டனர். அதன் கணக்கீடு குறித்த விவாதம் இன்றும் ஓயவில்லை.

குழாய்த்தடமும் உழவரிடைப் பிளவும்

கலப்பு 10 விழுக்காட்டை எட்டியதும் சந்தை தேங்கியது. 15 விழுக்காட்டுக் கலப்பை ஆண்டு முழுவதும் விற்க 2019இல் அளிக்கப்பட்ட இசைவை 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. அதே ஆண்டு ஜூனில் சிறு சுத்திகரிப்பு ஆலைகளின் விதிவிலக்கு வழக்கில் உச்ச நீதிமன்றமும் எத்தனால் தரப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. புதிய சந்தையாக வானூர்தி எரிபொருளும், குறைந்த கரிம உமிழ்வுக்கு 2022ஆம் ஆண்டின் சட்டம் வழங்கிய வரிச்சலுகையும் தோன்றின. அவற்றைப் பெற, நொதித்தலில் வெளியேறும் கரிம வாயுவைப் பிடித்து நிலத்தடியில் புதைக்க வேண்டும். ஐந்து மாநிலங்களின் எத்தனால் ஆலைகளை வடக்கு டக்கோட்டாவுடன் இணைக்கும் குழாய்த்தடத்தைச் சம்மிட் நிறுவனம் 2021இல் அறிவித்தது.

மக்காச்சோளச் சங்கங்கள் இதனை வரவேற்றன. குழாய் செல்லும் நிலத்தின் உரிமையாளருள் பலரும் மக்காச்சோள உழவரே. கட்டாய நில எடுப்பை அவர்கள் எதிர்த்தனர். வடிகால் ஓடுகள் உடைவதும், மண் இறுகுவதும், தந்தையர் நிலத்தில் தனியார் நிறுவனம் உரிமை கொண்டாடுவதும் அவர்கள் முன்வைத்த காரணங்கள். தெற்கு டக்கோட்டா வாக்காளர்கள் 2024 நவம்பரில் குழாய்த்தடத்துக்கு வழிவகுக்கும் சட்டத்தைப் பொதுவாக்கெடுப்பில் தள்ளினர். 2025 மார்ச்சில் அம்மாநிலம் கரிமக் குழாய்களுக்கான கட்டாய நில எடுப்பைத் தடைசெய்தது. ஐயோவாவில் நில உரிமையாளருக்குச் சார்பாகச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் கிம் ரெனால்ட்ஸ் 2025 ஜூனில் நிராகரித்தார். எத்தனாலின் எதிர்காலத்தை முன்வைத்து மசோதாவை எதிர்த்தோரும், நிலத்தின் உரிமையை முன்வைத்து அதனை ஆதரித்தோரும் ஒரே ஆலைக்குத் தானியம் விற்கும் அயலவர்களாக இருந்தனர்.